தண்ணீர் குடிக்காத துணி

என் மகள் பிரசவத்துக்கு முன்னால் வாங்கிச் சேர்த்த சாமான்களைப் பார்த்தபோது, வயிற்றுப் பிள்ளைக்காரி என்று தெரிந்துகொண்டு எவனோ நன்றாகத் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஒரு குழந்தை மூத்திரம் போவதற்கு இவ்வளவு தளவாடமா? கட்டில் நிறையப் பரப்பி வைத்திருந்தாள். இடுப்பில் சுற்றத் துணி டயபர் ஒரு அடுக்கு. அதற்குள் வைக்கத் தடித்த உள்துணி ஒரு அடுக்கு. மலத்தை மட்டும் தனியாக எடுத்துப் போடுவதற்காம், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு லைனர். எல்லாவற்றுக்கும் மேலே மாட்ட, வரிசையாக அழுத்து பட்டன் வைத்த, ஈரம் வெளியே வராத மேலுறை. வெளியில் போனால் ஈரத் துணியைப் போட்டுக்கொள்ள ஜிப் வைத்த பை. மூடி போட்ட வாளி. கக்கூஸ் குழாயில் மாட்டி, துணியில் இருப்பதைப் பீய்ச்சித் தள்ள ஒரு கைத்துப்பாக்கி.

"இதென்ன, சண்டைக்குப் போறியா?" என்றேன்.

"இருங்கப்பா, இன்னும் இருக்கு." ரப்பர் போல இழுபடுகிற, மூன்று முனையிலும் பல் வைத்த ஒரு கிளிப்பை எடுத்துக் காட்டினாள். "ஊக்கு குத்துனா குழந்தைக்குக் காயமாயிடும்ல? அதுக்குப் பதிலா இது. துணியைக் கடிச்சுப் பிடிச்சுக்கும்."

"உனக்கு நாங்க ஊக்குதான் குத்தினோம். நீ என்ன செத்தா போயிட்ட?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையும் சிரித்தார்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது ஒரு நாள் தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கொண்டுவந்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த இரண்டாம் மாடி வீட்டில் மிஞ்சியது நான், மாப்பிள்ளை, பேத்தி. பேத்திக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அவள் அம்மா 'பொடிசு' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எங்கேயாவது யாராவது பாதி வழியில் மாட்டிக்கொண்டால் போன் வரும், சாப்பிட்ட கையோடு ஓடுவார். நான் ஒரு காலத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவன். தோள்பட்டை போனதும் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். பகலில் பொடிசைப் பார்ப்பது என் பொறுப்பு. பால் காய்ச்சிக் கொடுப்பேன், துணி மாற்றுவேன், அழுக்குத் துணியை மூடி வாளியில் போட்டு வைப்பேன். துவைக்கிற வேலையை மட்டும் மாப்பிள்ளை எனக்கு விடவில்லை.

"உங்க தோள் வலிக்கு அதெல்லாம் வேணாம் மாமா. அது நான் பாத்துக்கறேன்."

வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துவைப்பார். துவைத்ததைப் பால்கனியில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். ஆள் ஒழுங்குதான். ஆனாலும் நான் நம்பவில்லை. நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பால்காரன் ஊற்றும்போதுகூடக் குனிந்து பார்ப்பேன். சின்ன வயது மனுஷன், இன்றைக்கு அழுவார், நாளைக்கு எவளாவது வருவாள், குழந்தை இடைஞ்சலாகத் தெரியும். உலகம் அப்படித்தான் ஓடுகிறது.

கொஞ்ச நாளில் துணி ஒழுக ஆரம்பித்தது. பொடிசைத் தூக்கினால் என் வேட்டி நனையும். மாற்றிப் போட்ட கையோடு தொடையோரம் வழியும். அவள் அம்மா இருந்தவரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. பிறகு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் சிவப்பாகத் தடித்து, தோல் உரிந்து புண்ணாயிற்று. கழுவும்போது வீல் என்று கத்துவாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஈரத்துலயே போட்டு வைக்கறீங்க, அடிக்கடி மாத்துங்க" என்று களிம்பு எழுதிக் கொடுத்தாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

பகலில் நான் மாற்றுகிறேன். அப்படியென்றால் ராத்திரியில் இந்த ஆள் மாற்றுவதில்லை, தூங்கிவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வேலை செய்தேன். மேலுறையில் பட்டன் வரிசை உண்டே, அதில் இடது பக்கம் ஒன்று தள்ளியும் வலது பக்கம் தள்ளாமலும் கோணலாகப் போட்டுத் தூங்க வைத்தேன். காலையில் அதே கோணல் இருந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம். எழுந்து பார்த்தால் இரண்டு பக்கமும் நேராக இருந்தது. மறுநாளும் அப்படியே. மனுஷன் மாற்றத்தான் செய்கிறார். அப்படியும் துணி நனைந்து, மெத்தை நனைந்து, புண் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு எங்கேயும் பிடி கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கினாள். இரண்டு தடிப் பையன்களைப் பெற்று வளர்த்தவள். கெட்டவள் இல்லை. கைக்குழந்தையைத் தூக்கினால் கீழே இறக்க மனசு வராத ரகம். என் பயமே அதுதான். பொடிசின் துணியை அவிழ்த்துப் பார்த்தவள் வாயில் அடித்துக்கொண்டாள்.

"டேய், இதென்னடா குழந்தையா, வெந்த கிழங்கா? கடையில விக்கிற டயபர வாங்கிப் போட்டா உன் கிரீடம் இறங்கிடுமா?"

"அவ இதத்தான் போடணும்னு ஆசைப்பட்டாக்கா. எல்லாத்தையும் பாத்துப் பாத்து வாங்கினா."

"வாங்கினா சரி. அவ இருந்தா, பாத்துக்கிட்டா. நீ நாளெல்லாம் லிஃப்ட்டுக்கு அடியில கிடக்கற. வீட்ல இருக்கறவரு தள்ளாதவரு."

"யாரு தள்ளாதவன்?" என்றேன் உள்ளேயிருந்து.

"காது மட்டும் நல்லா கேக்குது மாமா உங்களுக்கு."

"கண்ணும் தெரியும். வந்ததுலேர்ந்து பொடிசோட சட்டைய மடிச்சு உன் பையில வைக்கறத பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் முகம் சுருங்கியது. ஆனால் மறைக்கவில்லை. "ஆமா மாமா, எடுத்துட்டுப் போற எண்ணந்தான். திருடிட்டா போறேன்? எங்கண்ணு முன்னாடி அந்தப் பிள்ள துடிக்குது." பிறகு தம்பியிடம் திரும்பினாள். "இப்ப உன்கிட்ட சண்டை போட எனக்குத் தெம்பில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை திரும்பி வருவேன். புண்ணு ஆறியிருந்தா நான் வாயே தொறக்கல. ஆறலைன்னா தூக்கிட்டுப் போயிடுவேன். நடக்கற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

நடக்கிற வரைக்கும் என்பார்கள். அப்புறம் பள்ளிக்கூடம் அங்கேயே நல்லதாக இருக்கும். அப்புறம் நமக்குக் கல்யாணப் பத்திரிகைதான் வரும். அவள் படி இறங்கிப் போனதும் பொடிசைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். என் மகள் விட்டுப் போனது இது ஒன்றுதான். இதுவும் போனால் அந்த வீட்டில் நான் எதற்கு?

மறுநாள் பகல். பொடிசைக் கழுவி, துடைத்து, களிம்பு தடவி, சுற்றுவதற்காகப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணியை எடுக்கக் கை நீட்டினேன். கழுவின கை. விரலிலிருந்து ஒரு சொட்டு அந்தத் துணி மேல் விழுந்தது. விழுந்தது உள்ளே இறங்கவில்லை. உருண்டையாக அப்படியே நின்றது.

குனிந்து பார்த்தேன். துணியை லேசாகச் சாய்த்தேன். சொட்டு உருண்டு ஓடி ஓரத்தில் விழுந்தது. துணி காய்ந்தபடியே இருந்தது.

வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை அது. கான்வாஸுக்கு மெழுகு ஏற்றிய பிறகு ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பார்ப்போம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சரக்கு சரி, லாரிக்காரன் நம்மைத் திட்ட மாட்டான். அந்த மாதிரிச் சரக்கை என் பேத்தியின் இடுப்பில் கட்டியிருக்கிறோம். எத்தனை முறை மாற்றினால் என்ன? மூத்திரத்தைத் துணி குடிக்காது. அது தோலோடு தேங்கி நிற்கும், நிரம்பினால் வழியும்.

அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இன்னொன்று. உள்துணி. எல்லாம் ஒரே கதை. அடுப்படித் துணி மேல் விட்டேன், உடனே குடித்தது. முதலில் அந்தக் கடைக்காரனைத்தான் வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு யோசித்தேன். மகள் இருந்தபோது இதே துணிதானே? அப்போது குடித்த துணி இப்போது ஏன் குடிக்கவில்லை? வாங்கின இடத்தில் இல்லை கோளாறு. வீட்டுக்குள்தான் இருக்கிறது.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். பொடிசு தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் விட்டு, கேட்காமலேயே கதவைத் தள்ளித் திறந்தேன். கடைசித் தண்ணீரில் துணியை முக்கி வைத்திருந்தார். கையில் ஒரு நீல பாட்டில். தளும்பத் தளும்ப ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்ல மாமா. வாசனைக்கு ஊத்தறது. துணி மெத்துனு இருக்கும்."

"மூத்திரத் துணிக்கு என்னத்துக்கு வாசனை?"

பீடி குடித்தே கெட்டுப்போன மூக்கு என்னுடையது. அந்தச் சின்ன அறைக்குள் நின்றபோதுதான் எனக்கே ஏறியது. என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வருமே, அந்த வாசனை. நாற்காலி நகர்த்தி, 'மாத்திரை போட்டீங்களாப்பா' என்று கேட்கும்போது வருகிற வாசனை.

"அவ நைட்டிக்கு, தலகாணி உறைக்கு எல்லாம் இதத்தான் ஊத்துவா" என்றார் மாப்பிள்ளை.

"குழந்தை துணிக்கு ஊத்துவாளா?"

"இல்ல. அதுக்கு மட்டும் ஊத்த மாட்டா. ஏன்னு நான் கேட்டதில்ல மாமா." பாட்டிலை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்பத் திருகினார். "அவ போனப்புறம் பொடிசு அழுதா, அவ நைட்டிய எடுத்து மேல போத்துவேன். அடங்கிடும். கொஞ்ச நாள்ல நைட்டியில வாசனை போயிடுச்சு. அப்பதான் இதுல ஊத்தினா என்னனு தோணுச்சு. எந்நேரமும் பொடிசு மேல இருக்குமில்ல?"

நான் போய், காய்ந்த துணி ஒன்றை எடுத்து வந்தேன். அவர் முன்னால் விரித்துப் பிடித்து, குவளைத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். அது வழுக்கிக்கொண்டு ஓடி அவர் பாதத்தில் விழுந்தது.

"இது என்ன மாமா?"

"தார்ப்பாய். நீங்க செஞ்சது."

நம்பாமல் என் கையிலிருந்து பிடுங்கி அவரே ஊற்றிப் பார்த்தார். பால்கனிக்குப் போய்க் கொடியில் இருந்தவற்றை எல்லாம் உருவிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக ஊற்றினார். தரை முழுக்கத் தண்ணீர். கடைசியில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தப் புண்ணு நான் வெச்சதா?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நான் வெச்சதுதான மாமா?"

எனக்குப் பொய் சொல்லி ஆறுதல் பண்ணத் தெரியாது. "ஆமா" என்றேன். "நீங்க ஊத்தினது மெழுகு மாதிரி துணியில ஏறி நிக்குது. போகவைக்கலாம். மெழுகு ஏறின துணியைக் கொதிக்கிற தண்ணியில போட்டா விடும். இதுவும் விடணும். எந்திரிங்க."

நான் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன், அவர் வாளியில் ஊற்றிக் கட்டையால் கிண்டினார். சோப்புத் தூளே போடவில்லை, ஆனால் நுரை பொங்கியது. அவ்வளவும் துணிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. முதல் வெந்நீர் ஊற்றியவுடன் ஆவியோடு அந்த வாசனை கிளம்பியது பாருங்கள், மூச்சு முட்டியது. ஒரு பாட்டிலில் இருந்ததைவிட அதிகம். கதவுக்கு அந்தப் பக்கம் அவளே வந்து நிற்பது போல. நான் வாசலில் பாத்திரத்தோடு நின்றேன்.

"உள்ள வந்து கதவைச் சாத்துங்க மாமா" என்றார். "வெளிய போயிடும்."

உள்ளே போய்ச் சாத்தினேன். இரண்டு பேரும் ஆவிக்குள் வேர்த்து விறுவிறுத்து நின்றோம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் என் முகத்தைத் துடைக்கவில்லை. வேர்வைதானே என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினோம். நுரை குறைந்தது. இன்னொரு தரம். வாசனையும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வெறும் வெந்நீர் வாடை, ஈரத் துணி வாடை. ஒரு துணியைப் பிழிந்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். மீதியிருந்த பாட்டிலைக் கவிழ்க்கப் போனேன். "அத நான் ஊத்தறேன்" என்று வாங்கிச் சாக்கடைத் துளையில் அவரே ஊற்றினார்.

துணி காய்ந்து, மறுநாள் ராத்திரி பொடிசு அழுதாள். ஆனால் மெத்தை நனையவில்லை. துணி குடித்தது. புண் இரண்டொரு நாளில் வறண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் பொருக்கு உதிர்ந்து, உள்ளே ரோஜா நிறத்தில் புதுத் தோல் தெரிந்தது. காலையில் மாப்பிள்ளையின் அக்கா வந்து, காலைக்கூடக் கழுவாமல் நேராகக் குழந்தையை அவிழ்த்துப் பார்த்தாள்.

"அட, ஆறிடுச்சே!" என்றாள். சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் ஏமாற்றமும். "தள்ளாதவரு சாதிச்சுட்டீங்க போங்க."

"இனிமே உன் பையில வெச்ச சட்டைய எடுத்து வெளிய வை" என்றேன். பல நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "அக்கா, நீ பொடிச கூட்டிட்டுப் போ."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும், "என்ன?" என்றேன்.

"கூட்டிட்டுப் போகட்டும் மாமா."

"புண்ணு ஆறிடுச்சுல்ல?"

"ஆறிடுச்சு."

"துணி சரியாயிடுச்சுல்ல? அப்புறம் என்னய்யா?"

"அழுதா, பசிக்கு அழறாளா, வலிக்கு அழறாளான்னு நான் பாக்கலை மாமா. அவ அம்மாவத் தேடி அழறான்னே நினைச்சேன். கீழ புண்ணு எரிஞ்சு அழுதிருக்கு, நான் இன்னும் கொஞ்சம் வாசனை ஊத்தியிருக்கேன். முந்தாநாள் அழுதாளே, அது பசின்னு நீங்க வந்து சொன்னப்புறந்தான் தெரிஞ்சுது. எனக்கு எல்லா அழுகையும் ஒரே மாதிரி கேக்குது. இப்பவும் அப்படித்தான் கேக்குது."

"நான் இருக்கேன்ல? நான் சொல்றேன். உங்கள நம்பித்தான் நான் இருக்கேன்." என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மெய்யாகவே சொன்னேன். அந்த மனுஷன் குளியலறைக் கதவைச் சாத்தச் சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு அவர் மேல் சந்தேகம் என்று ஒன்று இல்லை.

அவர் லேசாகச் சிரித்தார். "நீங்க பட்டன கோணலா போட்டு என்னைச் சோதிச்சதெல்லாம் தெரியும் மாமா. அப்ப எனக்குக் கோவம்கூட வந்துச்சு. நீங்க சந்தேகப்பட்டதுதான் சரி."

அக்காக்காரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், தம்ளரைத் தூக்கி எறிந்தேன். அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, சொன்னதை மாற்றவும் இல்லை. பெற்றவர் அவர். நான் யார்?

சாயங்காலம் எல்லாவற்றையும் நானே எடுத்து வைத்தேன். துணி, உள்துணி, லைனர் சுருள், மேலுறை, கிளிப், ஜிப் பை. துப்பாக்கியைக்கூடக் கழற்றினேன். "அது எதுக்கு மாமா, எங்க வீட்டுக் குழாய்க்குச் சேராது" என்றாள். கேட்கவில்லை, பையில் திணித்தேன். கடைசித் தண்ணீரில் எதையும் ஊற்றாதே என்று சொன்னேன். நான் சொன்னது போதாதென்று மாப்பிள்ளை அடுக்களையிலிருந்து அதையே இன்னொரு தரம் சொன்னார்.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது பொடிசு நனைத்துவிட்டாள். அக்காக்காரி பெஞ்சில் கிடத்தி மாற்றப் பார்த்தாள். அந்த மூன்று பல் கிளிப் அவளுக்குப் பிடிபடவில்லை, இழுத்தால் விட்டுக்கொண்டு போனது.

"தள்ளும்மா." நான் துணியை முக்கோணமாக மடித்து, இடுப்பைத் தூக்கிக் கீழே கொடுத்து, இடது பக்கம் கடிக்க வைத்து, வலது பக்கம் இழுத்துக் கடிக்க வைத்து, நடுப்பல்லைக் கீழே இறக்கினேன். பொடிசு காலை உதைத்துக்கொண்டு என் மூக்கைப் பார்த்தாள். "இப்படி. இறுக்காத, ரெண்டு விரல் போற மாதிரி இருக்கணும்."

"சரி மாமா."

கண்டக்டர் விசில் அடித்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், மாப்பிள்ளை பைகளை உள்ளே தள்ளினார், கதவு சாத்தியது, வண்டி நகர்ந்தது. ஜன்னலில் பொடிசின் கை ஒன்று தெரிந்தது. அது எங்களுக்காக ஆடியதா, சும்மா ஆடியதா, தெரியாது. பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் பார்க்கிறேன், அவிழ்த்த ஈரத் துணி என் கையிலேயே இருக்கிறது. சூடுகூட ஆறவில்லை.

திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் கூட்டம். மாப்பிள்ளைக்கு உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். துணியை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். பக்கத்து ஆள் கொஞ்ச நேரம் நெளிந்தான்.

"பெரியவரே, கையில என்ன? ஒரே நாத்தமா இருக்கு."

"என் பேத்திய்யா" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். காலியான இடத்தில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார்.